கட்டடத்தப் பத்தி எல்லாரையும் வாய் தொறந்து பேச வைக்கிறது எப்படி

ஆர்க்கிடெக்சர் பத்தி ஒரு கூட்டம் போட்டா என்ன நடக்கும்னு இதுல கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு நல்லாவே தெரியும். முன்னாடி ஸ்க்ரீன், ஸ்க்ரீன்ல ப்ளான், பக்கத்துல நின்னு ஒருத்தர் நாப்பது நிமிஷம் பேசுவாரு, அப்புறம் "கேள்வி ஏதாவது இருக்கா"ன்னு கேப்பாங்க, ஒரே அமைதி, கடைசில இன்னொரு ஆர்க்கிடெக்ட் எந்திரிச்சு கேள்விங்கிற பேர்ல ஒரு சின்ன உரை ஆத்துவாரு, அவ்ளோதான். மிச்ச பேர் எல்லாம் இது நமக்குப் புரியாத விஷயம்னு நெனச்சுகிட்டு கெளம்பிடுவாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த அமைதியா உக்காந்திருந்த ஆளுங்க கிட்ட தான் விஷயமே இருக்கு. வெயில் எந்த ஜன்னல் வழியா எத்தன மணிக்கு மேசைக்கு வருது, எந்தப் படில எல்லாரும் தடுக்குறாங்க, எந்த மூலைல பேசுனா அடுத்த ரூமுக்குக் கேக்குது, இதெல்லாம் டிசைன் பண்ணவருக்குத் தெரியாது, உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும். பேச்ச அங்க இருந்து ஆரம்பிச்சா போதும், மிச்சம் எல்லாம் தானா பின்னாடி வரும். இந்த மாதிரி கூட்டம் பல நடத்தி, சிலது படுத்துப்போயி, சிலது நேரம் போனதே தெரியாம ஓடி, அதுல கத்துகிட்டது தான் கீழ இருக்கறது.

முதல்ல கேள்விய மாத்துங்க

"இந்த பில்டிங் எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா "நல்லாருக்கு", "நல்லால்ல", ரெண்டே பதில் தான் வரும், அதுக்கு மேல பேச்சு நகராது, அதோட அந்தக் கேள்வி ஆள பரீட்சைல உக்கார வச்ச மாதிரி பயமுறுத்தும், தப்பா சொல்லிட்டா அசிங்கமாயிடுமோன்னு. அதுக்குப் பதிலா பதில் கண்டிப்பா கைவசம் இருக்கற கேள்வியா கேளுங்க. முதல் தடவ இங்க வந்தப்ப வாசல் எங்கன்னு தேடுனீங்களா? மழை பெஞ்சப்ப எங்க ஒதுங்குனீங்க? யாருக்காவது காத்திருக்கணும்னா எங்க போய் நிப்பீங்க? இந்த எடத்துல எந்தக் கதவ திறக்கவே மாட்டீங்க? எங்க போனா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்? இந்த அஞ்சு கேள்விக்கு பத்து வயசுப் பையனும் பதில் சொல்லுவான், எம்பது வயசுப் பாட்டியும் சொல்லுவாங்க, ஒவ்வொரு பதிலும் ஒரு டிசைன் முடிவப் பத்தினது.

இது லேசுப்பட்ட கேள்வின்னு நெனச்சுடாதீங்க. வில்லியம் ஹெச். வைட்னு ஒருத்தர் 1970கள்ல நியூயார்க்ல பெரிய ஆஃபீஸ் கட்டடங்களுக்கு முன்னாடி இருக்கற திறந்தவெளி ப்ளாசாக்கள கேமரா வச்சு நாள் கணக்கா கவனிச்சாரு. சில ப்ளாசால கூட்டம் அலமோதுது, சிலது காத்து வாங்குது, ஏன்னு பாத்தா வடிவமா, அளவா, வெயிலான்னு ஒவ்வொண்ணா சலிச்சு கடைசில கண்ணுக்கு முன்னாடி இருந்த காரணம் தான் பெருசா நின்னுச்சு, உக்கார எடம் இருக்கற எடத்துல மக்கள் உக்காருறாங்க. இந்த ஆய்வ வச்சு தான் 1975ல அந்த ஊர் ப்ளாசாக்களுக்கான விதியவே மாத்தி, உக்கார இவ்வளவு எடம் கண்டிப்பா விடணும்னு கொண்டு வந்தாங்க. எங்க உக்காந்தீங்கன்னு ஒரு சாதாரண கேள்வி, அது போய் நின்ன எடம் ஒரு நகரத்தோட சட்டம்.

யாராவது "இது அசிங்கமா இருக்கு"ன்னு சொன்னா உடனே அவர அடக்காதீங்க. அது தான் அன்னைக்குக் கெடச்ச நல்ல ஆரம்பம். "எந்த எடத்துல நின்னு பாக்கும்போது?"ன்னு கேளுங்க. அவர் யோசிச்சு "ரோட்ல இருந்து பாத்தா ஒண்ணும் இல்ல, கிட்ட நடந்து போறப்ப தான், ஜன்னலே இல்லாத செவுரு ஓரமா ரொம்ப தூரம் நடக்கணும்"னு சொல்லுவாரு. இப்ப பாருங்க, அசிங்கம்ங்கிற வார்த்த போயி ஜன்னல் இல்லாத செவுருன்னு ஆயிடுச்சு, அதப் பத்தி விவாதம் பண்ணலாம், அளக்கலாம், மாத்த முடியுமான்னு கேக்கலாம். அதே மாதிரி மக்கள் வைக்கிற பட்டப் பேரயும் விட்டுடாதீங்க, ஒரு கட்டடத்துக்கு வர்ற முதல் விமர்சனம் அது தான். லண்டன்ல 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்னு ஒரு டவர், மேல போகப் போக அகலமாயிட்டே போற உருவம், அதுனால வாக்கி டாக்கின்னு பேரு. 2013ல கட்டிகிட்டு இருக்கும்போதே அதோட உள்வளைஞ்ச கண்ணாடி முகப்பு வெயில ஒரே எடத்துல குவிச்சு கீழ நிறுத்தி வச்சிருந்த கார் பாகத்த உருக்கிடுச்சு, பிற்பாடு முகப்புல வெயில் தடுப்பு மாட்ட வேண்டியதாப் போச்சு. இந்தக் கதைய கூட்டத்துல சொல்லும்போது ஒரு பளபளப்பான ஸ்பூன கையில குடுங்க, குழிஞ்ச பக்கத்துல வெளிச்சம் எப்படி குவியுதுன்னு அவங்களே பாக்கட்டும். முகப்போட வளைவு அழகுக்கு மட்டும் இல்ல, ரோட்டுக்கும் சம்பந்தப்பட்டதுன்னு நீங்க சொல்லவே வேணாம்.

ப்ளான தரைக்கு எறக்குங்க

ப்ளான் படிக்கிறது ஒரு தனி மொழி. அது தெரியாதவங்க கிட்ட ப்ளானக் காட்டி கருத்து கேக்கறது, தெரியாத மொழில கடிதம் குடுத்து கையெழுத்து கேக்கற மாதிரி. கம்ப்யூட்டர்ல போட்ட அழகான படம் அத விட மோசம்னு நான் சொல்லுவேன், அதுல எப்பவும் சாயங்கால வெளிச்சம், எல்லாரும் ஒல்லியா நடந்து போறாங்க, வண்டி இல்ல, வயர் இல்ல, குப்ப இல்ல, அகல லென்ஸ் மாதிரி போட்டு சின்ன ரூம் எல்லாம் மைதானமா தெரியும்.

எனக்கு இதுக்குக் கெடச்ச நல்ல மருந்து ஒரு ரோல் மாஸ்கிங் டேப்பும் ஒரு அளவு டேப்பும் தான். ஒரு நூலகம் கட்டப் போறாங்கன்னு வச்ச கலந்துரையாடல் அது, முதல் ஒரு மணி நேரம் ப்ளான் ஓடுச்சு, ஒரு பேச்சும் எழும்பல. சரின்னு நாற்காலியெல்லாம் ஓரங்கட்டிட்டு, வரப்போற படிப்பறையோட ஒரு பகுதிய நிஜ அளவுலயே தரைல டேப் ஒட்டி வரஞ்சோம், இங்க அலமாரி, இங்க மேசை, இது நடைபாதை. ஒட்டி முடிக்கிறதுக்குள்ளயே ஆளுங்க உள்ள எறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, ரெண்டு பேரு எதிரெதிர வந்து தோள் இடிச்சுகிட்டாங்க, ஒரு அம்மா மேசைல உக்கார்ற மாதிரி உக்காந்து பின்னாடி அலமாரில ஒருத்தர் புத்தகம் எடுக்கணும்னா நான் எந்திரிக்கணுமான்னு கேட்டாங்க. அது வரைக்கும் வாயே தொறக்காத ஒருத்தர், சக்கர நாற்காலில வந்திருந்தவங்க, ரெண்டு அலமாரிக்கு நடுவுல உள்ள போனாங்க, திரும்பப் பாத்தாங்க, டேப் மேல சக்கரம் ஏறிடுச்சு. அளந்தா இடைவெளி 1.1 மீட்டர். சக்கர நாற்காலி முழுசா திரும்ப சுமாரா 1.5 மீட்டர் விட்டம் வேணும். ப்ளான்ல அது யார் கண்ணுலயும் படல, என் கண்ணுலயும் தான், தரைல டேப் மேல சக்கரம் ஏறுனத ஒரே நேரத்துல முப்பது பேரு பாத்தாங்க. அதுக்கப்புறம் கூட்டத்த முடிக்கிறது தான் கஷ்டமா இருந்துச்சு.

இடம் இல்லன்னா அட்டைல மாடல் பண்ணுங்க, ஆனா பசை போட்டு ஒட்டிடாதீங்க, கழட்டி மாட்டுற மாதிரி வைங்க. முடிஞ்சு போன பொருள் மாதிரி தெரிஞ்சா ஆளுங்க தொட மாட்டாங்க, தொடாம இருந்தா பேச மாட்டாங்க.

கட்டடம் ஏற்கனவே இருக்குன்னா ரூமுக்குள்ள உக்காந்து பேசறதே வேஸ்ட், அங்கயே போயிடுங்க. லண்டன்ல 1992ல ஓப்பன் ஹவுஸ்னு ஆரம்பிச்சாங்க, வழக்கமா உள்ள விடாத கட்டடங்கள குறிப்பிட்ட நாள்ல எல்லாருக்கும் இலவசமா தொறந்து விடுறது, இப்ப உலகம் முழுக்க பல நகரத்துல நடக்குது. டொரான்டோல 2007ல ஆரம்பிச்ச ஜேன்ஸ் வாக் இன்னும் எளிசு, அந்தப் பகுதில வாழ்றவங்களே வழிகாட்டியா நடந்துகிட்டே பேசறது, அதுக்கு முந்தின வருஷம் எறந்து போன, நகரங்களப் பத்தி எழுதுன ஜேன் ஜேக்கப்ஸ் நெனவா வச்ச பேரு, அவங்க ஆர்க்கிடெக்சர் பட்டம் வாங்குனவங்க இல்ல, தெருவ ஒழுங்கா பாத்தவங்க. நீங்க நடத்துறதா இருந்தா பன்னெண்டு பேருக்கு மேல வேணாம், பின்னாடி வர்றவங்களுக்குக் காது கேக்காது. அர கிலோமீட்டருக்கு மேல நடக்க வேணாம். நிக்கிற ஒவ்வொரு எடத்துலயும் முதல்ல ரெண்டு நிமிஷம் யாரும் பேசாம பாக்கணும்னு விதி வைங்க, ஒரு எடத்துலயாவது கண்ண மூடிகிட்டு கை தட்டச் சொல்லுங்க. உயரமான கல் கூடத்துல அந்த சத்தம் எவ்ளோ நேரம் சுத்துது, துணியும் புத்தகமும் நெறஞ்ச ரூம்ல எப்படி செத்துப் போகுதுன்னு கேட்டவங்க அதுக்கப்புறம் ஒரு எடத்துக்குள்ள நுழையறப்பல்லாம் காதாலயும் பாப்பாங்க.

கடின வார்த்தைய தடை பண்ண வேணாம்

பலர் சொல்ற யோசன, டெக்னிக்கல் வார்த்தையே வேணாம், எல்லாம் எளிமையா பேசுங்கன்னு. நான் ஒத்துக்க மாட்டேன். வார்த்தைய மறைச்சுட்டா நாளைக்கு அரசாங்க அறிவிப்புல அதே வார்த்த வரும்போது மறுபடியும் வெளியாளா தான் நிப்பாங்க. யார் கடின வார்த்த சொன்னாலும் அங்கயே ஒரு கணக்கோ உதாரணமோ சொல்லிட்டு தான் மேல போகணும், அவ்ளோ தான் விதி. எஃப்எஸ்ஐன்னு ஒருத்தர் சொல்றாரு, சில நாட்ல எஃப்ஏஆர்னு சொல்லுவாங்க. எஃப்எஸ்ஐ 2ன்னா 1000 சதுர அடி மனைல எல்லா மாடியும் சேத்து 2000 சதுர அடி கட்டலாம், மனை முழுக்க பரப்பி ரெண்டு தளமா கட்டுனாலும் கணக்கு சரி, பாதி மனைல நாலு தளமா அடுக்குனாலும் சரி, ரெண்டாவதுல கீழ பாதி மனை காலியா கெடைக்கும். நிஜத்துல சுத்தி விட வேண்டிய இடம், உயரக் கட்டுப்பாடுன்னு இன்னும் பல விதி சேரும், ஆனா இத சொன்ன அடுத்த நிமிஷமே ஒருத்தர் உயரம் வேணாம் பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போயிடும்பாரு, இன்னொருத்தர் இல்ல கீழ மரம் வைக்க எடம் வேணும்பாரு, விவாதம் தொடங்கிடுச்சு.

சில வார்த்தைங்க தப்பான அர்த்தத்தயே சுமந்துகிட்டு திரியும். கான்க்ரீட்ட மறைக்காம அப்படியே காட்டுற கட்டடப் பாணிக்கு ப்ரூட்டலிசம்னு பேரு, அத கேட்டதும் ஏதோ கொடூரமான பாணின்னு நெனைக்கிறாங்க. அந்தப் பேரு ஒட்டிகிட்டது பிரெஞ்சுல பெத்தோன் ப்ரூத், அதாவது பூச்சு பூசாத பச்சக் கான்க்ரீட்ங்கிறதுல இருந்து. இத சொல்லிட்டு ஒரு கான்க்ரீட் செவுத்துல பலகை வரி பதிஞ்சிருக்கறத தடவிப் பாக்கச் சொல்லுங்க, மரப் பலகைய அச்சா வச்சு ஊத்துன தடம் அப்படியே விரல்ல தட்டுப்படும்.

விவாதத்துக்கு ஒரு பந்தயம் வைங்க

பேச்சு வேற, விவாதம் வேற. விவாதம்னா ஆமா இல்லன்னு ஒரு பக்கம் நிக்கணும். "நவீன கட்டடக்கலை போகும் பாதை"ன்னு தலைப்பு வச்சா யாரும் எந்தப் பக்கமும் நிக்க முடியாது, "இந்தக் கட்டடத்த இடிக்கலாமா, வச்சுக்கிட்டு வேற வேலைக்கு மாத்தலாமா"ன்னு வைங்க, அனல் பறக்கும். நியூயார்க்ல பழைய பென் ரயில்வே ஸ்டேஷன 1963ல இடிக்க ஆரம்பிச்சாங்க, அது போனதுக்கப்புறம் வந்த ஆத்திரமும் சேந்து தான் 1965ல அந்த நகரத்துக்கு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. நடுவுல ஒரு தடவ மணி அடிச்சு ரெண்டு அணியயும் பக்கம் மாறி பேசச் சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம், வச்சுக்கணும்னு கத்திகிட்டு இருந்தவர் இப்ப இடிக்கணும்னு பேசணும், அப்ப தான் பராமரிப்பு செலவு, லிஃப்ட் இல்லாதது, தீ விபத்து வந்தா வெளியேறுற வழி எல்லாம் அவர் வாயாலயே வரும்.

இதுல ஒரு வாதத்த மட்டும் நான் அனுமதிக்கிறது இல்ல. "அன்னைக்கு ஈஃபில் டவரக் கூட திட்டுனாங்க, இப்ப பாருங்க"ங்கிறது. நடந்தது உண்ம தான், 1887ல பாரிஸ்ல எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேந்து பத்திரிகைல எதிர்ப்புக் கடிதம் போட்டாங்க, ஓப்பராவ டிசைன் பண்ண ஷார்ல் கார்னியே கூட கையெழுத்து போட்டாரு. ஆனா அந்த டவருக்கு 20 வருஷ அனுமதி தான் இருந்துச்சு, நெலச்சதுக்கு முக்கியமான காரணம் ரேடியோ தந்திக்கு அது பயன்பட்டது. இந்தக் கதைய சொல்லி எந்த எதிர்ப்பயும் வாயடச்சுடலாம், அதுனால தான் அது ஆபத்து. திட்டு வாங்குன கட்டடம் எல்லாம் பின்னாடி புகழ் வாங்கல.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு சோம்பேறி வாதம் இருக்கு, எல்லாத்துக்கும் டிசைன் பண்ணவர் மேல பழி போடறது. இதுக்கு ப்ரூயிட் ஐகோவ எடுத்து பேச வைங்க, ஒரு முழு சாயங்காலத்துக்கு அது போதும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 1950கள்ல கட்டுன பொதுக் குடியிருப்பு, 11 மாடில 33 கட்டடம், டிசைன் மினோரு யமசாகி. 1972ல முதல் கட்டடத்த வெடி வச்சு தகர்த்தாங்க, அந்த போட்டோவ காட்டி நவீன கட்டடக்கலையே தோத்துப் போச்சுன்னு ரொம்ப வருஷமா சொல்லிகிட்டு இருந்தாங்க. கூட்டத்துல முதல்ல போட்டோவ மட்டும் காட்டுங்க, யார் தப்புன்னு கேளுங்க, எல்லாரும் ஆர்க்கிடெக்ட்னு தான் சொல்லுவாங்க. அப்புறம் ஒவ்வொரு காரணத்தயும் ஒரு சீட்டுல எழுதி வச்சு ஒவ்வொண்ணா தொறங்க. லிஃப்ட் எல்லா மாடிலயும் நிக்காது, மூணு மாடிக்கு ஒருக்கா தான், மிச்சத்துக்கு படி, செலவக் கொறைக்க பண்ணது. இது டிசைன் பக்கம். அடுத்த சீட்டு, பராமரிப்புக்கு காசு குடியிருக்கறவங்க வாடகைல இருந்து தான் வரணும், வீடு காலியாக ஆக வாடகை கொறையுது, வாடகை கொறைய ரிப்பேர் நிக்குது, ரிப்பேர் நிக்க இன்னும் காலியாகுது. அடுத்தது, அந்த நகரத்தோட மக்கள்தொகையே கொறஞ்சுகிட்டு இருந்துச்சு, வசதி இருந்தவங்க புறநகருக்குப் போனாங்க. அடுத்தது, நிறத்த வச்சு யார் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச கொள்கை. ஒவ்வொரு சீட்டுக்கும் அப்புறம் பழிய பத்து மார்க்கா பிரிச்சு யாருக்கு எவ்ளோன்னு எழுதச் சொல்லுங்க, கணக்கு எப்படி நகருதுன்னு போர்டுல போடுங்க. ஆர்க்கிடெக்டுக்கு யாரும் பூஜ்யம் போட மாட்டாங்க, பத்தும் போட மாட்டாங்க, அந்த நடுவுல தான் நல்ல சண்ட இருக்கு.

எந்தக் கட்டடத்துக்கும் இதே வேலைய பண்ணலாம், யார் காசு, யார் முடிவு, யார் பெருக்கித் தொடைக்கிறாங்க, அடைச்சா யார கூப்புடுறாங்க. துப்புரவு வேல பாக்கறவங்கள கண்டிப்பா கூப்புடுங்க, எட்டாத கண்ணாடி எதுன்னு அவங்களுக்கு தான் தெரியும். பேரு பெத்தவங்க டிசைன் பத்தி பேசறப்ப பேர மறைச்சுட்டு பேசறதும் நல்லது. வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சின்னத்துக்கு 1981ல நடந்த போட்டில 1,421 டிசைன் வந்துச்சு, பேரு தெரியாம தான் நடுவர்கள் பாத்தாங்க, ஜெயிச்சது மாயா லின், 21 வயசு மாணவி. பேரு தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அதயே ஒரு விவாதமா வைக்கலாம்.

உக்கார வைக்கிற விதம், பேசுற வரிச

பிரிட்டன் நாடாளுமன்றத்துல கீழ்சபைக் கூடம் 1941ல குண்டு விழுந்து அழிஞ்சுது. திரும்பக் கட்டறப்ப அரவட்டமா கட்டலாமான்னு பேச்சு வந்துச்சு, 1943ல சர்ச்சில் எதிரெதிர் பெஞ்சு இருக்கற பழைய வடிவமே வேணும், எல்லாருக்கும் எடம் பத்தாத அளவு சின்னதாவே வேணும்னு வாதாடுனாரு. இன்னைக்கும் 650 உறுப்பினருக்கு சுமார் 427 எடம் தான், முக்கியமான நாள்ல நெருக்கியடிச்சு நிக்கறதால அனல் கூடுது. அதுனால ரூம தேர்ந்தெடுக்கும்போது பெருசா எடுக்காதீங்க. முப்பது பேரு வருவாங்கன்னா இருபத்தஞ்சு நாற்காலி போடுங்க, விவாதம்னா எதிரெதிரா, அனுபவம் பகிர்றதுன்னா வட்டமா, மேடை வேணவே வேணாம்.

நேரத்துக்கு ஒரு கடிவாளம் போடணும். பெச்சா குச்சான்னு ஒரு முறை, 20 ஸ்லைடு, ஒவ்வொண்ணும் 20 செகண்ட், மொத்தம் 6 நிமிஷம் 40 செகண்ட், ஸ்லைடு தானா நகர்ந்துடும். 2003ல டோக்கியோல ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்கள் தங்களோட தொழில்காரங்க நீட்டி முழக்குறதுக்கு கடிவாளமா கண்டுபுடிச்சது. ஆர்க்கிடெக்ட் கடைசில பேசட்டும். முதல்ல பேசுனா எல்லாரும் அவர் சொன்னதுக்கு தலையாட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அவர் கிட்ட "உங்க கான்செப்ட் என்ன"ன்னு கேக்க வேணாம், "எதுக்கு சண்ட போட்டீங்க, எத விட்டுக்குடுத்தீங்க"ன்னு கேளுங்க. அந்த பதில்ல பட்ஜெட், விதிமுற, காசு போட்டவர் பிடிவாதம் எல்லாம் வரும், அவரும் மனுஷனா பேசுவாரு.

முடிவு ஏற்கனவே எடுத்தாச்சுன்னா அத முதல் வரிலயே சொல்லிடுங்க, "இது இது முடிஞ்சது, இது இது இன்னும் மாத்தலாம்"னு. மாத்த முடியாத விஷயத்துக்கு கருத்து கேட்டு ஏமாத்துனா அடுத்த தடவ யாரும் வர மாட்டாங்க, வராததும் நியாயம். உண்மையா கேட்டா எவ்ளோ பெரிய கேள்வியயும் கேக்கலாம். சிலி நாட்டுல இக்கீக்கே ஊர்ல 2004ல ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனா குழு கட்டுன கின்டா மொன்ராய் குடியிருப்புல சுமார் நூறு குடும்பம், காசு முழு வீட்டுக்கு பத்தல. சின்னதா முழு வீடா, இல்ல பெரிய வீட்ல பாதியான்னு கேள்வி. குடும்பங்களோட உக்காந்து பேசி, சமையலறை, குளியலறை, படி, நடுச் செவுருன்னு தனியா கட்ட கஷ்டமானத மட்டும் கட்டிக் குடுத்து மிச்ச பாதிய அவங்களே வசதி வர்றப்ப கட்டிக்கற மாதிரி விட்டாங்க. இங்கிலாந்துல நியூகாசில்ல பைக்கர்ங்கிற பகுதிய 1960கள் கடைசில திரும்பக் கட்டறப்ப ஆர்க்கிடெக்ட் ரால்ஃப் எர்ஸ்கின் குழு அங்கயே ஒரு பழைய ஈமச்சடங்குக் கடைய ஆஃபீஸாக்கி கதவ தொறந்தே வச்சாங்க, போற வர்றவங்க உள்ள நுழைஞ்சு கேள்வி கேட்டாங்க. கூட்டத்துக்கு வர நேரம் இல்லாதவங்கள புடிக்க இத விட நல்ல வழி நான் பாக்கல.

கடைசியா ஒரு வேல, யாருமே பண்றது இல்ல. கூட்டத்துல யார் என்ன சொன்னாங்கன்னு தேதி போட்டு ஒரு தாள்ல எழுதி வைங்க, "மத்தியானம் இந்த ஹால் கொதிக்கும்", "இந்த பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க", "இந்த வாசல் பூட்டியே கெடக்கும்", இப்படி. கட்டி முடிச்சு ஒரு வருஷம் ஓடட்டும், நாலு பருவமும் அதுக்குள்ள வந்துடும். அப்புறம் அதே ஆளுங்கள, ஆர்க்கிடெக்டயும் சேத்து, அதே கட்டடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, தாளயும் அளவு டேப்பயும் ஒரு தெர்மாமீட்டரயும் எடுத்துக்கங்க, வரி வரியா படிச்சு டிக் போட்டுகிட்டே நடங்க.